எட்டாம் பிரிவு

தைப்பேய்
ஜூன் 20

அன்புள்ள அக்காவுக்கு,

டிராகன் படகுத் திருவிழாவுக்கு நீ அனுப்பிய அரிசிப் பொதிகள் நேற்று வந்து சேர்ந்தன. மூங்கில் இலையைப் பிரித்ததும் அலுவலகம் முழுக்க நம் வீட்டு அடுப்படி வாசனை. உன் உடம்பு எப்படி இருக்கிறது? அத்தானின் மட்டிக் குளங்களில் இந்த வெயிலுக்குச் சாவு அதிகமா? உன் பெண் ஷின்-யூவுக்குச் செவிலியர் படிப்பில் கடைசி வருஷம் அல்லவா, சாப்பிடாமல் கிடந்து படிக்க வேண்டாம் என்று சொல்.

எழுத உட்கார்ந்த காரணம் வேறு. ஜனவரியில் சட்டமன்றத் தேர்தல். ஜுவாங் ஐயா நம் கடலோரத் தொகுதியில் மறுபடி நிற்கிறார். இத்தனை வருஷம் அவர் அலுவலகத்தில் இருந்த அனுபவத்தில் சொல்கிறேன்: தேர்தலுக்கு முந்தைய ஆறு மாதம்தான் இவர்களுக்குக் காது நன்றாகக் கேட்கும். உன்னைப் போல அரிய நோய் வந்தவர்கள் நம் பக்கம் பல குடும்பம் இருக்கிறார்கள், மருத்துவமனை வராந்தாவில் பார்த்துத் தலையாட்டிக்கொள்வதோடு சரி என்று முன்பு எழுதியிருந்தாய். அவர்களை ஒன்றாகக் கூட்டு. வேட்பாளர்களைப் போய்ப் பாருங்கள்.

ஒரு கோரிக்கை, மிஞ்சினால் இரண்டு. அழ வேண்டாம். அழுதால் அவர்களும் கையைப் பிடித்துக்கொண்டு கலங்குவார்கள், அதோடு முடிந்தது. ‘செய்வீர்களா?’ என்று கேட்காதே, ‘எந்தக் கூட்டத்தொடரில் செய்வீர்கள்?’ என்று கேள். எதிர்த்து நிற்பவரையும் கூப்பிடு. மற்றவர் வருகிறார் என்பதற்காகவே இரண்டு பேரும் வருவார்கள்.

நான் உன் தம்பி என்பது மட்டும் எங்கும் தெரிய வேண்டாம். சிபாரிசு என்று பேச்சு வரும். லியாவ் என்ற குடும்பப் பெயர் நம் மாவட்டத்தில் தெருவுக்குப் பத்துப் பேருக்கு இருப்பதால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். சத்தியம் செய்து கொடு.

இன்னொன்று, சும்மா கேட்கிறேன். அம்மாவுக்கு இந்த நோயில் முதலில் கெட்டது எது, நடையா, பேச்சா? நான் அப்போது சின்னவன், ஞாபகம் இல்லை.

உன் தம்பி
போ-யென்


கோவ்ஹு
ஜூலை 8

தம்பி போ-யென்னுக்கு,

இங்கே எல்லோரும் இருக்கிறோம். சுகமா என்று கேட்டால் ஆளுக்கு ஒரு பதில் வரும். மட்டிகள் பிழைத்துக்கொண்டன. என் சிறுமூளைதான் தேய்ந்துகொண்டே போகிறது. அதிலும் ஒரு கொடுமை, மறதி மட்டும் வராது. யார் என்ன சொன்னார்கள் என்பது எல்லாம் அப்படியே இருக்கிறது.

ஒரு நாளைக்கு அரைப் பக்கம் எழுத முடிகிறது. அதனால் இந்தக் கடிதத்துக்கு இத்தனை நாள். போன் செய்யலாம்தான். நான் பேசினால் நீ “என்ன அக்கா? மறுபடி சொல்லு” என்பாய், நாலாவது தடவை புரியாமலே “சரி சரி” என்பாய். எழுத்தில் அந்தத் தொல்லை இல்லை.

நீ சொன்னபடி கூட்டினேன். ஊர் நூலகத்தின் பின்னறையில் ஒன்பது குடும்பம். என்னைப் போல இதே நோயில் ஆடி ஆடி நடக்கும் பெங்குவின் நடைக்காரர்கள் மூன்று பேர். ஒரு ஓய்வுபெற்ற வாத்தியார், அவர் மகனுக்குத் தசை கரைகிறது. பக்கத்து ஊர் சிஹுவில் காலைப் பலகாரக் கடை வைத்திருக்கும் பான் ஷூ-லி. அவள் மகளுக்கு ஒன்பது வயது. தொட்டால் தோல் உரிந்து வருகிற நோய். தினமும் உடம்பு முழுக்கக் கட்டுத்துணி மாற்ற வேண்டும்.

ஷூ-லிக்கு வாய் அதிகம். “ஓட்டு கேட்டு வர்றவன் நம்ம வாசல்ல கும்பிடுறான். நாம எதுக்கு அவன் வாசல்ல போய்க் கும்பிடணும்? யாருக்கா உனக்கு இந்த யோசனையக் கொடுத்தது?”

“ரேடியோல கேட்டேன்” என்றேன். பொய் சொல்லும்போது என் குழறல் உதவியாக இருக்கிறது.

வாத்தியார் சொன்னார், “நம்ம எல்லாரையும் சேர்த்தா முப்பது ஓட்டு தேறும். முப்பது ஓட்டுக்கு எவன் வருவான்?”

“ஓட்டுக்கு வரமாட்டான் சார். படம் பிடிக்க வருவான்” என்றாள் ஷூ-லி.

ஆளுக்கு ஒரு கோரிக்கை சொல்லிச் சண்டை வந்தது. கடைசியில் இரண்டு. கட்டுத்துணிச் செலவை அரசாங்கக் காப்பீடு ஏற்க வேண்டும். இன்னொன்று, சட்டமன்றத்தில் கிடப்பில் இருக்கும் மசோதாவின் எட்டாம் பிரிவு. வாத்தியார்தான் அதைப் படித்துக் காட்டினார். குடும்பத்தில் உள்ள நோயைக் காரணம் காட்டி வேலையோ ஆயுள் காப்பீடோ மறுக்கக் கூடாது, மரபணுச் சோதனை முடிவைக் கொண்டு வா என்று கேட்கவும் கூடாது. ஷின்-யூ மூலையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் இன்னும் சோதனை செய்துகொள்ளவில்லை. செய்துகொண்டால் எந்த மருத்துவமனை வேலை கொடுக்கும் என்று பயம். “அம்மா, எட்டுதான் நமக்கு வேணும்” என்றாள். நான் அதற்குத்தான் கை தூக்கினேன்.

சத்தியம் செய்கிறேன். நீ என் தம்பி இல்லை.

அம்மாவுக்கு முதலில் கெட்டது நடையும் இல்லை, பேச்சும் இல்லை. கையெழுத்து. மளிகைக் கடைக்குக் கொடுத்த துண்டுச் சீட்டை ஒரு நாள் கடைக்காரரால் படிக்க முடியவில்லை.

அக்கா
யுன்-சியா


தைப்பேய்
ஆகஸ்ட் 5

அன்புள்ள அக்காவுக்கு,

கணினியில் தட்டி அனுப்புவதற்கு மன்னித்துக்கொள். அலுவலகப் பழக்கம், கை பேனாவைத் தேடுவதே இல்லை. நீயும் அத்தானும் புயலில் பத்திரம்தானே? குளத்துக் கரை உடைந்ததாகச் செய்தியில் ஒரு ஊர்ப் பெயர் வந்தது, நல்ல வேளை நம் ஊர் இல்லை.

நீங்கள் இரண்டோடு நிறுத்தியது மிக நல்லது. எட்டாம் பிரிவு கொஞ்சம் சிக்கலானது, ஆனாலும் விடாதே. செப்டம்பர் கடைசியில் மீனவர் சங்கக் கூடத்தை வாங்கு. இரண்டு வேட்பாளர்களுக்கும் ஒரே நாளில் அழைப்பு அனுப்பு. பெரிய அட்டையில் கோரிக்கையை எழுதிவைத்து அதன் மேலேயே கையெழுத்துக் கேள். வாயால் சொன்னதை மறுக்கலாம், எல்லோர் கண்ணெதிரில் போட்ட கையெழுத்தை மறுப்பது கஷ்டம். பேசுகிறவர்கள் முன்கூட்டிப் பேசிப் பார்க்க வேண்டும். உனக்குப் பதில் ஷூ-லி பேசட்டும். தப்பாக நினைக்காதே, கூட்டத்துக்குப் புரிய வேண்டும் என்பதற்காக.

ஸ்கூட்டரை விற்றுவிட்டேன். இங்கே நிறுத்த இடம் கிடைப்பதில்லை. போன வாரம் படியில் ஈரம், வழுக்கி மணிக்கட்டில் சின்ன அடி. பெரிதாக ஒன்றும் இல்லை. அத்தானிடம் சொல்லாதே, அவர் இஞ்சியும் நண்டும் பார்சல் அனுப்புவார்.

ரோங்-ஷான் உன்னை விசாரித்தாள். அடுத்த வருஷம் கல்யாணம் வைத்துக்கொள்ளலாம் என்று பேசியிருக்கிறோம்.

உன் தம்பி
போ-யென்


கோவ்ஹு
செப்டம்பர் 30

போ-யென்னுக்கு,

மணிக்கட்டு சரியாகிவிட்டதா? ரோங்-ஷானிடம் நம் அம்மாவைப் பற்றி என்ன சொல்லியிருக்கிறாய் என்று தெரிந்தால் நானும் அதற்குத் தகுந்தபடி அவளிடம் பேசுவேன்.

கூட்டம் நடந்தது. எதிர் வேட்பாளர், கே என்ற வக்கீல் பெண், சொன்ன நேரத்துக்கு வந்தாள், ஓர் ஆளோடு. உங்கள் ஜுவாங் ஒரு மணி நேரம் கழித்து, வெடிச் சத்தம், ஒலிபெருக்கி வண்டி, கழுத்தில் அதிர்ஷ்டத்துக்கு வெள்ளை முள்ளங்கி மாலை, பின்னால் இருபது பேர். சத்தத்தில் ஷூ-லியின் மகள் பயந்து அம்மாவை இறுக்கிப் பிடிக்க, அந்தப் பிடியிலேயே கைத்தோல் உரிந்துவிட்டது. ஷூ-லி அதைத் துடைத்துக்கொண்டே மேடைக்குப் போனாள். நீ எழுதியதில் கடைசிக் கேள்வியை மட்டும்தான் அவள் சொன்னாள்.

“நான் தினமும் காலைல அறுபது முட்டைத் தோசை போட்டுட்டு, வீட்டுக்கு வந்து என் மகளுக்குக் கட்டு மாத்துறேன். தோசைய நான் புரட்டினா ஊரே கைதட்டுது. மகளைப் புரட்டும்போது அவ கத்துறா. அந்தத் துணிய அழகுப் பொருள்னு சொல்லி காப்பீட்டுல தள்ளிட்டாங்க. ரெண்டு பேரும் சொல்லுங்க, எந்தக் கூட்டத்தொடர்ல மாத்துவீங்க?”

வக்கீல் பெண் எழுந்தாள். “கட்டுத்துணிக்குப் போராடுவேன். எட்டாம் பிரிவு கஷ்டம். காப்பீட்டுக் கம்பெனிங்க விடமாட்டாங்க. முயற்சி பண்றேன்னு சொல்லலாம், பண்ணிடுவேன்னு சொன்னா பொய்.” நாலு பேர் கைதட்டினார்கள். நான் தட்டவில்லை. உண்மையைக் கேட்க யாரும் அவ்வளவு தூரம் வரவில்லை.

ஜுவாங் எழுந்தார். “அரிய நோய்ங்கறது அவங்க தப்பு இல்ல. மனுஷ குலம் முன்னேறுறப்ப யாரோ ஒருத்தர் சுமக்க வேண்டிய பாரத்தை, நமக்குப் பதிலா இவங்க சுமக்குறாங்க. முதல் கூட்டத்தொடர். ரெண்டும்.” அட்டையில் கையெழுத்துப் போட்டார். கூடம் அதிர்ந்தது. பிறகு நேரே என்னிடம் வந்து, தரையில் ஒரு முழங்காலை ஊன்றி, என் கையைப் பிடித்துக்கொண்டார். கேமராக்கள் வந்தன. “அக்கா, என்ன வேணும் சொல்லுங்க” என்றார். நான் “எட்டு” என்றேன். அவருக்குப் புரியவில்லை. “கண்டிப்பா, கண்டிப்பா” என்றார்.

பாரம் சுமக்கும் வாக்கியம் உன்னுடையதுதானே? நீ பள்ளியில் கட்டுரை எழுதும்போதே பாரம், சுமை என்று எழுதுவாய்.

சொல்ல வெட்கமாக இருக்கிறது, அன்று இரவு நான் சந்தோஷமாக இருந்தேன். அத்தான் மட்டி சூப் வைத்தார்.

யுன்-சியா


தைப்பேய்
அக்டோபர் 12

அன்புள்ள அக்காவுக்கு,

நலம்தானே? அவசரமாக எழுதுகிறேன். கூட்டத்தின் வீடியோ எல்லா இடமும் ஓடிக்கொண்டிருக்கிறது. ஜுவாங் ஐயாவே கேட்டார், “அந்த அம்மா யாரு, என்ன முகம்!” என்று. நான் எதுவும் சொல்லவில்லை.

அவர் உன் கையைப் பிடித்திருக்கும் படத்தைப் பெரிய விளம்பரப் பலகையில் போட விரும்புகிறார்கள். ‘அவர் காது கொடுக்கிறார்’ என்ற வாசகத்தோடு. யோசித்துப் பார், பலகையில் ஏறிய பிறகு அவரால் பின்வாங்க முடியுமா? இது நம் பக்கத்துக்குப் பலம். வேண்டாம் என்றால் உடனே சொல். வியாழக்கிழமை அச்சுக்குப் போகிறது. உன்னிடமிருந்து ஒன்றும் வராவிட்டால் சரி என்று எடுத்துக்கொள்கிறேன்.

தம்பி
போ-யென்


கோவ்ஹு
அக்டோபர் 15

போ-யென்,

வேண்டாம். ஷின்-யூவுக்கு பெய்காங்கில் ஒரு பையனோடு பேச்சு நடக்கிறது. நல்ல பையன், அவளோடு படித்தவன். அவன் வீட்டில் அம்மா நோயாளி என்பது தெரியும், என்ன நோய் என்பது தெரியாது. மெதுவாகச் சொல்லலாம் என்று அவர்கள் இருவரும் முடிவு செய்திருக்கிறார்கள். சொல்ல வேண்டியது அவர்கள். பலகை இல்லை. ஷின்-யூவை விட்டு உனக்குச் செய்தி அனுப்பச் சொல்லலாம் என்றால், எதற்கு என்று அவளிடம் சொல்ல வேண்டும். அதனால் நானே எழு

அக்டோபர் 24

மேலே பாதியில் நிற்பதை அப்படியே அனுப்புகிறேன். அன்று கை ஓடவில்லை, அடுத்த நாள் முழுக்கப் படுக்கை. அதற்கு மறுநாள் அத்தான் கடல் தாய் மாட்ஸுவின் கோயில் முச்சந்தியில் பலகையைப் பார்த்துவிட்டு வந்து வண்டியைக் கழுவினார். அழுக்கில்லாத இடத்தையும் கழுவினார். அப்போதே தெரிந்துவிட்டது.

மூன்று மாடி உயரம். என் வாய் ஒரு பக்கம் கோணியிருக்கிறது. கீழே நோயின் பெயரும் போட்டிருக்கிறீர்கள்.

பையனின் அம்மா ஞாயிற்றுக்கிழமை வந்தாள். கையில் உயர்ந்த சாதி ஆப்பிள் பெட்டி. ரொம்ப மரியாதை. “அக்கா, நீங்க தைரியசாலி. நான் ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கிறேன், இது பிள்ளைங்களுக்கு வர்ற மாதிரியா?” நான் பதில் சொன்னேன். அவளுக்குப் புரியவில்லை. ஷின்-யூ அதை அவளுக்காகத் திருப்பிச் சொன்னாள், “பாதிக்குப் பாதி, அத்தை. பிள்ளைகளுக்கு வரலாம், வராமலும் போகலாம்.” தன் கல்யாணத்தை அவளே தன் வாயால் மொழிபெயர்த்து முடித்தாள். ஆப்பிளை விட்டுவிட்டுப் போனார்கள்.

பையன் இரண்டு தடவை போன் செய்தான். பிறகு இல்லை.

பலகையை எடுக்கச் சொல்லமாட்டேன். எடுத்து என்ன ஆகப் போகிறது? அதில் எழுதியிருப்பதை அவர் செய்யட்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

யுன்-சியா


தைப்பேய்
ஜனவரி 20

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் அத்தானும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இவ்வளவு நாள் எழுதாததற்குத் தேர்தல் வேலைதான் காரணம், நம்பு. வென்றோம். நெருக்கமான போட்டி. உங்கள் கூட்டமும் அந்தப் பலகையும் இல்லாவிட்டால் கடலோர ஊர்கள் கைவிட்டுப் போயிருக்கும் என்று ஜுவாங் ஐயா எல்லோர் முன்னும் சொன்னார்.

பிப்ரவரியில் சட்டமன்றம் கூடுகிறது. மசோதாவை நானே பார்த்துக்கொள்கிறேன்.

ரோங்-ஷானும் நானும் மார்ச்சில் பதிவுத் திருமணம் செய்துகொள்கிறோம். ரொம்பச் சிறிய அளவில், விருந்து ஒன்றும் இல்லை. அவ்வளவு தூரம் உன்னை அலைக்கழிக்க மனமில்லை. கேக் பெட்டி அனுப்புகிறேன். வரும் சந்திரப் புத்தாண்டுக்கு அவள் வீட்டுக்குப் போக வேண்டியிருக்கும்.

ஷின்-யூவுக்கு என் அன்பைச் சொல். பிறகு விவரமாக எழுதுகிறேன்.

போ-யென்


கோவ்ஹு
மார்ச் 29

போ-யென்னுக்கு,

கேக் பெட்டி வந்தது. பெட்டியில் அச்சிட்டிருந்த படத்தில் ரோங்-ஷான் அழகாக இருக்கிறாள். நீ இளைத்திருக்கிறாய். இருவரும் நன்றாக இருங்கள். இது வாய்வார்த்தை இல்லை.

மடவை மீனின் சினையைக் காயவைத்து உனக்கென்று எடுத்துவைத்தேன். புத்தாண்டுக்கு நீ வரவில்லை. ஷூ-லிக்குக் கொடுத்துவிட்டேன்.

நாங்கள் ஒன்பது குடும்பமும் ஜுவாங்குக்கே போட்டோம். ஆரம்பப் பள்ளியில் ஓட்டுச்சாவடி. என்னால் முத்திரையைக் கட்டத்துக்குள் வைக்க முடியுமா என்ற பயத்தில் வீட்டில் பழைய காலண்டரில் பழகிவிட்டுப் போனேன். சரியாக வைத்தேன். தன் ஊரில் போட்டுவிட்டு வந்து வெளியே காத்திருந்த ஷூ-லி கேட்டாள், “அந்த வக்கீலுக்குப் போடலாம்னு ஒரு நிமிஷம் தோணுச்சுக்கா, உனக்கு?” எனக்கும் தோன்றியது. போடவில்லை. என் தம்பி அங்கே இருக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

ஷின்-யூ கப்பல் துறைமுகம் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறாள். மருத்துவமனையில் குடும்ப நோய் பற்றிக் கேட்டார்கள். பலகையைப் பார்த்தவர்களிடம் இல்லை என்று எப்படிச் சொல்வது? உன் அன்பைச் சொன்னேன். கேட்டுக்கொண்டாள்.

கூட்டத்தொடர் தொடங்கி ஒரு மாதம் ஆகிவிட்டது. எட்டாம் பிரிவு எங்கே இருக்கிறது?

யுன்-சியா


சட்டமன்ற உறுப்பினர் ஜுவாங் அலுவலகம்
தைப்பேய், மே 17

மதிப்பிற்குரிய லியாவ் யுன்-சியா அம்மையார் அவர்களுக்கு,

தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் நலமுடன் விளங்க உறுப்பினர் அவர்கள் மனமார வாழ்த்துகிறார்.

தங்கள் அமைப்பின் கோரிக்கைகள் உரிய கவனத்துடன் பரிசீலிக்கப்பட்டன. உறுப்பினரின் இடைவிடாத முயற்சியால், குறிப்பிட்ட தோல் நோயாளிகளின் கட்டுத்துணிச் செலவில் ஒரு பகுதி சோதனை முறையில் ஏற்கப்படும் என்பதை மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறோம். மசோதாவின் எட்டாம் பிரிவு, பல தரப்பின் கருத்துகளையும் கருதி, மேலும் ஆய்வு செய்யும் பொருட்டு நீக்கப்பட்டு, எஞ்சிய பிரிவுகள் நிறைவேறின.

தங்கள் தொடர்ந்த ஆதரவை வேண்டுகிறோம்.

உறுப்பினருக்காக,
லியாவ் போ-யென்
உதவியாளர்


கோவ்ஹு
ஜூன் 14

லியாவ் போ-யென் அவர்களுக்கு,

தாங்கள் நலமா? எங்கள் நலத்தைத் தங்கள் உறுப்பினர் மனமார வாழ்த்தியிருப்பதால் அதற்குக் குறைவில்லை.

உன் கடிதம் வந்த பிறகு நாங்கள் தைப்பேய் வந்தோம். உனக்குச் சொல்லவில்லை. நான், அத்தான், ஷூ-லி, வாத்தியார், அவர் மகன். வாடகை வேன். ஜுவாங்கைப் பார்க்க முன்கூட்டிக் கேட்டு நேரம் வாங்கியிருந்தோம். வரவேற்பில் இருந்த பெண் தேநீர் கொடுத்து, ஐயா கூட்டத்தில் இருக்கிறார் என்றாள். மத்தியானம் வரை உட்கார்ந்தோம். அப்புறம் அவர் வேறு வழியாகப் போய்விட்டதாகச் சொன்னாள். “உங்க படம் உள்ள அவரோட ரூம்ல மாட்டியிருக்கு அம்மா, பெருசா” என்றாள், ஆறுதலாக.

அப்போது வராந்தாவின் அந்தக் கோடியில் நீ வந்தாய். கையில் கோப்புகள். தோள் சுவரை உரசிக்கொண்டே வந்தது. திரும்புகிற இடத்தில் சுவர் முடிந்ததும் நின்றாய், காலை அகல வைத்தாய், எதிர்ச் சுவர் வரை இருக்கும் நாலடியைக் கண்ணால் அளந்தாய், பிறகு கடந்தாய். எங்களைப் பார்த்தாய். உன் முகம் மாறியது. அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாய்.

ஷூ-லி சொன்னாள், “பாருக்கா, பட்டப்பகல்ல குடிச்சிருக்கான். இவனுங்ககிட்டதான் நம்ம காகிதம் எல்லாம் கிடக்குது.”

நம் அம்மாவையும் மீன் சந்தையில் அப்படித்தான் சொன்னார்கள். அன்று நீ ஒன்பது வயதுப் பையன், சொன்னவன் மேல் மீன் கூடையைத் தூக்கி எறிந்தாய். நான் ஷூ-லியின் தோளைப் பிடித்துக்கொண்டு வேனுக்கு நடந்தேன். அத்தான் தலையைக் குனிந்துகொண்டார்.

எத்தனை நாளாக, போ-யென்? தட்டச்சுக் கடிதம் வந்த அன்றே எனக்குச் சந்தேகம். நீயாகச் சொல்வாய் என்று இருந்தேன்.

அக்கா


தைப்பேய்
ஜூலை 26

அக்கா,

கையால் எழுதுகிறேன். படிக்க முடிகிறதா?

எனக்குத் தெரிந்து நாலு வருஷம். வெளியூர் மருத்துவமனையில், என் காசில், வேறு ஆள் மாதிரி போய்ச் சோதித்துக்கொண்டேன். ரோங்-ஷானிடம் சொல்லவில்லை. கல்யாணத்துக்குப் பிறகும் சொல்லவில்லை. உன் கடிதத்தை அவள் படித்தாள். மேசையில் வேண்டுமென்றே வைத்தேனோ என்னவோ. இப்போது அவள் அம்மா வீட்டில் இருக்கிறாள். கத்தவில்லை, பை மட்டும் எடுத்துக்கொண்டாள்.

இன்னொன்றும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். பேச்சுவார்த்தை நடந்த அறையில் நான் இருந்தேன். காப்பீட்டுக்காரர்கள் தரப்பு ஆள், “ஒரு பிரிவுக்காக முழு மசோதாவும் நிக்கணுமா?” என்றான். ஜுவாங் ஐயா என் பக்கம் திரும்பினார். “போ-யென், உங்க ஊர்ப் பக்கம் இதைப் பெருசா எடுத்துப்பாங்களா?”

எடுத்துப்பாங்க என்று சொன்னால் ஏன் என்று கேட்பார். ஏன் என்று சொன்னால் உனக்கு எப்படித் தெரியும் என்பார். எல்லோரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கைகளை மேசைக்கு அடியில் இழுத்துக்கொண்டேன்.

“மாட்டாங்க ஐயா. கட்டுத்துணி கிடைச்சா போதும்னு இருப்பாங்க” என்றேன்.

பேனாவால் எட்டை அடித்தார்கள். பிறகு நான் எல்லோருக்கும் தேநீர் ஊற்றினேன். கொஞ்சம் சிந்தியது.

இந்த மாதம் ஒரு பத்திரிகையாளர் கூட்டத்தில் விழுந்தேன். மறுநாள் அலுவலக மேலாளர் கூப்பிட்டு, அன்பாகத்தான் பேசினார். “உடம்பு முக்கியம் தம்பி. ஒரு சோதனை பண்ணி ரிப்போர்ட்டக் கொண்டு வாங்க, வேற வேலை தரலாமான்னு பார்ப்போம்.” கேட்கக் கூடாது என்று சொல்ல வாயெடுத்தேன். சட்டத்தில் இடம் இல்லை என்பது அந்த அறையில் எனக்குத்தான் நன்றாகத் தெரியும். கொண்டுபோய்க் கொடுத்தேன். வேறு வேலை எதுவும் இல்லையாம்.

ஷின்-யூவிடம் என்ன சொல்வது என்று தெரியவில்லை.

போ-யென்


கோவ்ஹு
ஆகஸ்ட் 22

போ-யென்னுக்கு,

படிக்க முடிந்தது. அத்தான் ஒருமுறை, நான் ஒருமுறை, ஷின்-யூ ஒருமுறை. வீட்டில் எல்லோரும் சாப்பிடுகிறோம், தூங்குகிறோம். நீ ஒழுங்காகச் சாப்பிடு. தனியாகக் குளிக்கும்போது ஸ்டூல் போட்டுக்கொள். இது நோயாளிக்கு நோயாளி சொல்வது.

மன்னிப்பு பற்றி எழுதச் சொல்லாதே. ஷின்-யூ கடிதத்தை மடித்து வைத்துவிட்டு, “மாமாவுக்கு ஒரு ரூம்ல பத்து நிமிஷம் பயமா இருந்துச்சு. எனக்கு அக்டோபர்லேர்ந்து பயமா இருக்கு” என்றாள். அதற்கு மேல் அவளை நான் பேசவைக்கப் போவதில்லை.

நம் ஆட்களிடம் சொல்லிவிட்டேன். சத்தியத்தை மீறினேன். அந்த வராந்தாவில் வந்தவன் என் தம்பி, குடித்திருக்கவில்லை, பிரிவை அடிக்கச் சொன்னதும் அவன்தான் என்று, மூன்றையும் ஒரே மூச்சில். என் ஒரே மூச்சுக்குக் கால் மணி நேரம் ஆகும், பொறுமையாகக் கேட்டார்கள். வாத்தியார் எழுந்து வெளியே போய்விட்டார். அவர் மகன் போன மாதம் மூச்சுக் கருவிக்குப் போயிருக்கிறான். ஒரு குடும்பம் இனி வரமாட்டோம் என்றது. ஷூ-லி முட்டைக் கறை படிந்த தன் கையைத் துணியில் துடைத்துக்கொண்டாள். அப்புறம் சொன்னாள், “நாய்ப்பய. ஆனா உள்ள எந்தக் கதவு எங்க இருக்குன்னு அவனுக்குத் தெரியும். வரச் சொல்லு.”

நவம்பரில் மாவட்டத் தலைவர் தேர்தல். தெருவில் மறுபடி ஒலிபெருக்கி, வாசலில் மறுபடி புது முகம் அச்சிட்ட காகிதக் கைக்குட்டைப் பொட்டலங்கள். மூன்று வேட்பாளர்களுக்கும் அழைப்பு அனுப்பியாயிற்று. அதே மீனவர் சங்கக் கூடம், செப்டம்பர் இரண்டாம் ஞாயிறு. ஜுவாங்கும் வருகிறார், தன் கட்சி ஆளுக்கு ஓட்டுக் கேட்க. அவரை முதல் வரிசையில் உட்காரவைக்கிறோம்.

நீ கட்டாயம் வருகிறாய். வேலை இல்லை, ரோங்-ஷானும் இல்லை, மறைக்க வேண்டியது எதுவும் மிச்சமில்லை. பேருந்து நிறுத்தத்துக்கு அத்தான் வருவார். பேச மாட்டார், ஆனால் வண்டியில் ஏற்றிவிடுவார்.

மேடையில் பேச உனக்கு இடம் வைத்திருக்கிறேன். பாரம், சுமை எல்லாம் வேண்டாம். உன் முழுப் பெயர், ஊர், யார் மகன், யார் தம்பி, என்ன நோய். அந்த அறையில் உன்னிடம் கேட்ட கேள்வி, நீ சொன்ன பதில், உன்னிடம் சோதனை முடிவைக் கேட்டவர்கள் யார் என்பது. ஜுவாங்கைப் பார்த்துச் சொல். கூடத்தில் உன்னைத் திட்டுவார்கள். நின்று வாங்கிக்கொள், நிற்க முடியாவிட்டால் உட்கார்ந்து.

அம்மாவுக்குக் கடைசி மூன்று வருஷம் ஒரு சொல்லும் வரவில்லை. எனக்கு இப்போது அத்தானுக்கும் ஷின்-யூவுக்கும் மட்டும் புரிகிற பேச்சு. எங்களில் பாதிப் பேர் நிலை இதுதான். உன் நாக்கு இன்னும் தெளிவாக இருக்கிறது, எவ்வளவு காலம் இருக்கும் என்று உனக்கே தெரியும். ஆறு வருஷம் அதை ஜுவாங்குக்குக் கொடுத்தாய். மிச்சம் இருப்பதை இங்கே கொண்டு வா.

அக்கா
யுன்-சியா